சிப்பியைத் தட்டிப் பார்த்தவர்

பதுளைக் கடைவீதியில் எங்கள் மீன்கடைக்கு வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், சிலர் வயிற்றில் விரலால் அமுக்கிக் குழி நிரம்புகிறதா என்று பார்ப்பார்கள். யாருடைய விரலுக்கு எந்த மீனை நீட்டுவது என்பது எனக்கு அத்துப்படி. காதால் சாமான் வாங்கியவர் ஒருவர்தான். அவரிடம் மட்டும் என் வித்தை எதுவும் பலிக்கவில்லை.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவில் சமைத்தவர் அவர். தோட்டத்துப் பேச்சில் சமையற்காரருக்குக் கோக்கி என்று பெயர். அது ஆண்கள் பார்த்த வேலை. இவருடைய புருஷன்தான் முதலில் அங்கே கோக்கியாக இருந்தாராம். அவர் ஒரு நாள் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார். மறுநாள் காலையிலும் துரைக்கு முட்டை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுப்படியில் நிற்பது யார் என்று துரை எட்டிப் பார்க்க ஒரு வாரம் ஆனது என்பார்கள். அதற்குள் இவர் கோக்கியம்மா ஆகிவிட்டார். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை முதலாளி என்றார். வியாபாரத்துக்கு அது போதுமாக இருந்தது.

வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒடிசலான உடம்பு. ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை, கையில் மூடி போட்ட இரும்பு வாளி, தோளில் ஒரு துவாய். எனக்கு அப்போது இருபத்தாறு. வாப்பா மௌத்தாகிக் கடை என் கைக்கு வந்து இரண்டு வருஷம். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் அந்த பங்களா வேலையை இழந்ததற்கும், பிறகு இந்த நாட்டையே விட்டுப் போனதற்கும் நான்தான் காரணம். கடைசியில் சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும் என்பார்கள். எனக்கு அவ்வளவு நேரம் அதை வாயில் வைத்துக்கொண்டிருக்க முடியாது.

துரைக்குச் சிப்பி தின்கிற ஆசை வந்ததில் ஆரம்பித்தது எல்லாம். பச்சைச் சிப்பி. அவிக்காமல், பொரிக்காமல், உயிரோடு ஓட்டைத் திறந்து எலுமிச்சம்புளி பிழிந்து அப்படியே விழுங்குவது. அவர் ஊரில் சின்ன வயதிலிருந்து தின்றவராம். எங்களுக்கு மீன் மட்டக்களப்பிலிருந்து வரும். விடியற்காலையில் புறப்படுகிற லொறி பிபிலை, லுணுகலை, பசறை என்று மலையேறி வந்து பதுளையில் இறக்கும். வாவியில் சிப்பி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்று லொறி டிரைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் திரும்பி வந்து, அங்கே மீன்காரர்கள் கேட்டதை அப்படியே சொன்னார்.

"சுண்ணாம்பு சுடுற சிப்பியத் தின்னப் போறாங்களாம். அங்க துரைமாருக்குச் சோறு இல்லியா எண்டு கேக்கிறாங்க."

ஆனாலும் அனுப்பினார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஈரச் சாக்கில் இறுக்கக் கட்டி, நான்கு டசின். சாக்கை இறுக்கிக் கட்டினால்தான் சிப்பி வாயைத் திறந்து உள்ளே இருக்கிற கடல் தண்ணீரைக் கொட்டிவிடாமல் இருக்கும். அந்தச் சாக்கை எடுத்துப் போக அக்கா தானே பஸ் ஏறி வருவார். நான் கட்டி அனுப்புகிறேன் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கடை முன்னால் ஒரு பலகை கிடக்கும். அதில் உட்கார்ந்து துவாயை மடியில் விரித்துக்கொள்வார். வலது கையில் ஒரு சிப்பி, இடது கையில் ஒரு சிப்பி. இரண்டையும் ஒன்றோடு ஒன்று தட்டுவார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். உயிருள்ள சிப்பி தண்ணீரோடு மூடியிருக்கும், தட்டினால் கல்லும் கல்லும் மோதுகிற சத்தம் வரும். செத்தது உள்ளே காய்ந்திருக்கும், காலிச் சிரட்டையைத் தட்டுகிற மாதிரி பொக்கென்று கேட்கும். வாய் திறந்தது ஏதாவது இருந்தால் விரல் கணுவால் அதன் ஓட்டை இரண்டு தடவை தட்டுவார். உயிர் இருந்தால் மெதுவாக மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் பக்கத்தில் வைத்துவிடுவார்.

அவருடைய தீர்ப்பில் இரண்டே வார்த்தைகள். "இருக்கு." "போயிருச்சு."

"அக்கா, அது நேத்துத்தான் தண்ணியில இருந்து எடுத்தது. நான் பொய் சொல்றனா?"

"நீங்க சொல்லலைங்க மொதலாளி. சிப்பிதான் சொல்லுது."

இதற்கு மேல் வாதாட இடம் இருக்காது. நாற்பத்தெட்டில் ஐந்தோ ஆறோ பக்கத்தில் கிடக்கும். மற்றவற்றைக் குழிவான பக்கம் கீழே இருக்கும்படி வாளியில் அடுக்கி, நனைத்த சாக்கைப் போட்டு மூடி, பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கப் போவார். முதல் தடவையே ஒன்று சொல்லியிருந்தார்.

"தண்ணியில மட்டும் போட்றாதீங்க மொதலாளி. நம்ம தண்ணி அதுக்கு ஆகாது. நான் ஒருக்கா பைப்புத் தண்ணியில ஊறப் போட்டுட்டு ரெண்டு டசினையும் குழியில கொட்டினேன்."

கடலில் பிறந்த சாமானுக்குத் தண்ணீர் ஆகாதா என்று நான் சிரித்தேன். மூன்று தலைமுறையாக மீன் விற்கிறவனுக்கு மலையில் கொழுந்து பறித்த பெண்பிள்ளை பாடம் எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் பல்லை நானே உடைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தட்டிப் பார்ப்பது சிப்பியோடு நின்றதில்லை. பேக்கரிப் பாணைத் தட்டுவார். தேங்காயை எல்லோரும்தான் தட்டுகிறார்கள், இவர் சலவைச் சவர்க்காரத்தையும் தட்டுவார். ஒரு தடவை பன்னிரண்டு மணி பஸ்ஸின் பின் டயரைக் குடைக் காம்பால் தட்டிக் கேட்டுவிட்டு, "போயிருச்சு" என்று திரும்பி வந்து என் பலகையில் உட்கார்ந்தார். பஸ் அவர் இல்லாமல் போனது. பசறைக்கு இரண்டு மைல் இருக்கும்போது டயர் வெடித்து எல்லோரும் இறங்கி நடந்தார்கள். அதன் பிறகு அந்த டிரைவர், இவர் ஏறுகிற நாளில், இவர் குடையைத் தூக்கும் வரை வண்டியை எடுக்க மாட்டார். இவர் தட்டிவிட்டு ஏறினால், பின்னால் நிற்கிறவர்களும் ஏறுவார்கள்.

எனக்குப் பெண் பேச வந்த தரகரும் ஒரு சனிக்கிழமைதான் வந்தார். பலகையின் மற்றக் கோடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். பண்டாரவளைக் குடும்பம், பெரிய இடம், பிள்ளை தங்கக் கட்டி, வாயைத் திறந்தால் முத்து. அக்கா இந்தப் பக்கம் சிப்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது, கேட்காமலே சொன்னார்.

"புரோக்கர் ஐயா பேசினது அம்புட்டும் போயிருச்சு. சம்மதம் சொல்ல அந்தப் புள்ள மூணு நாள் எடுத்துச்சுன்னு நடுவுல சொன்னாரு பாருங்க, அது மட்டும் இருக்கு."

அந்தப் பிள்ளையைத்தான் கலியாணம் முடித்தேன். இன்றைக்கும் எதற்கும் மூன்று நாள் எடுப்பாள், சொன்னால் சொன்னதுதான்.

அவருடைய சொந்த விஷயத்திலும் அதே கணக்குத்தான். இந்தியாவிலிருந்து புருஷன் எழுதிய கடிதம் வருஷத்துக்கு ஒன்று வரும். தோட்டத்தில் யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை. லயத்தில், அந்த ஒற்றை அறை வரிசையில், ஒருவர் வாசித்தால் இருபது காம்பிராவுக்கும் தெரிந்துவிடும். அதனால் வாளியில் போட்டு என்னிடம் கொண்டு வருவார். ஒரு கடிதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சௌக்கியமாக இருக்கிறேன், அரசாங்கம் வீட்டு நிலம் தருவதாகச் சொல்லியிருக்கிறது, தை மாதம் கட்டாயம் உன்னை அழைத்துக்கொள்வேன், அதுவரை பொறுத்திரு. நான் வாசித்தேன். அவர் தலையைச் சாய்த்து, சிப்பிக்குக் கேட்கிற மாதிரியே கேட்டார். கடைசி வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"போயிருச்சு" என்று சொல்லிக் கடிதத்தை வாங்கி, செத்த சிப்பிகள் கிடந்த பக்கம் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தட்ட ஆரம்பித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு, சீனி கூடிப்போய்விட்டது என்றார்.

இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி, தோட்டத்தில் பாதிப் பேர் அப்போது இந்தியாவுக்குத் திரும்பிப் போகப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் கொடுக்கவில்லை. பங்களாவின் பின்னால், அடுப்படியை ஒட்டி ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி, ஜன்னலுக்கு வெளியே அவர் நட்ட கறிவேப்பிலை. வேலை இருக்கிற வரை அறை இருக்கும், அறை இருக்கிற வரை எங்கேயும் போக வேண்டியதில்லை. இதை அவர் என்னிடம் ஒரு தடவைதான் சொன்னார். அதற்கு மேல் விளக்கவில்லை. எனக்குப் புரிந்தது.

அவர் சிப்பி திறப்பதை நான் ஒரே ஒரு தடவைதான் நிம்மதியாகப் பார்த்திருக்கிறேன். பங்களாவுக்கு வேறு சாமான் கொண்டு போயிருந்த நாள். உப்புத் தண்ணீரைத் தும்புத் தூரிகையில் தொட்டுத் தொட்டு ஓட்டின் சேற்றைத் தேய்த்தார். ஓட்டின் மேல்தான் தண்ணீர் பட்டது. பிறகு துவாயை நான்காக மடித்து, சிப்பியைக் குழிவான பக்கம் கீழே வைத்து, துவாயால் சுற்றிப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு சின்னக் கத்தி. சாப்பாட்டு மேசைக் கத்தியைத் தொழிற்சாலைப் பிட்டரிடம் கொடுத்து முனையை மழுங்க அராவி வாங்கியது. இரண்டு ஓடும் சேருகிற மூட்டில் அதை வைத்து, அழுத்தாமல், பூட்டைத் திறக்கிற மாதிரி ஒரு திருப்பு. டொக். மேல் ஓட்டோடு ஒட்டியிருக்கிற தசையை உள்பக்கமாக வழித்து அறுத்தார். கீழ் ஓட்டிலும் அப்படியே. உள்ளே இருந்த கடல் தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டு போய், ஓட்டுத் துணுக்கு இருந்தால் கத்தி முனையால் எடுத்து, நொறுக்கிய ஐஸ் பரப்பிய தட்டில் வைத்தார். நடுவில் பாதி எலுமிச்சை, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்ட வினாகிரி, இடித்த மிளகு. ஓரத்தில் மெல்லிசாக வெட்டி வெண்ணெய் பூசிய பாண்.

"நீங்க தின்னு பாத்தீங்களா அக்கா?"

"தொர ஒருக்கா குடுத்தாரு."

"எப்படி இருந்திச்சு?"

யோசித்தார். "அழுதுட்டே சளியை முழுங்கின மாதிரி" என்றார். அதைச் சொல்லிவிட்டு அடுத்த சிப்பியை அவ்வளவு மரியாதையாகத் திறந்தார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில், சீமையிலிருந்து கம்பெனித் துரை தோட்டம் பார்க்க வந்தார். சனிக்கிழமை பகல் விருந்து. நாலாயிரம் அடி உயரத்தில் பச்சைச் சிப்பி வைத்து அவரை அசத்திவிட வேண்டும் என்பது எங்கள் துரையின் எண்ணம். ஒரு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை பசறைக்கு அப்பால் மடுல்சீமைப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. அக்கா வர முடியவில்லை. சாக்கை நானே கொண்டு வர வேண்டும் என்று ஆள் வந்தது. நமக்கும் ஒரு பெயர் கிடைக்கட்டும் என்று வெள்ளிக்கிழமை காலை ஜீப்பில் புறப்பட்டேன்.

மண் சரிந்த இடத்தில் ஜீப்பும் நின்றது. இரவில் இன்னும் சரிந்திருந்ததால் நாளைக் காலை வரை நடந்துகூடத் தாண்ட முடியாது என்றார்கள். சாக்கு வாவியை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. எனக்குக் கவலை வந்துவிட்டது. பாதை ஓரத்தில் ஓர் ஓடை, கண்ணாடி மாதிரி தண்ணீர், கை வைத்தால் விறைக்கும். மீனை ஐஸில் வைக்கிறோம், இது ஐஸை விடக் குளிர் என்று நினைத்தேன். அவர் சொன்னது ஞாபகம் வரத்தான் வந்தது. அது பைப்புத் தண்ணீர், இது மலைத் தண்ணீர் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். சாக்கின் கட்டைத் தளர்த்தி ஓடையில் வைத்து, மேலே ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, பசறையில் போய்த் தங்கினேன்.

காலையில் வந்து பார்த்தால் அநேகமாக எல்லாச் சிப்பியும் வாயைத் திறந்துகொண்டிருந்தன. தண்ணீர் குடிக்கின்றன என்று சந்தோஷப்பட்டேன். சாக்கை இறுக்கிக் கட்டி, கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்து, சரிந்த மண்ணில் முழங்கால் வரை புதைந்து தாண்டி, பத்து மணிக்கு பங்களாவின் பின்வாசலில் இறக்கினேன். இவ்வளவு பாடுபட்டதற்கு யாராவது பாராட்டுவார்கள் என்று நின்றேன்.

அக்கா படியில் உட்கார்ந்து துவாயை விரித்தார். இரண்டு சிப்பியை எடுத்துத் தட்டினார். பொக். ஒன்றை மாற்றினார். பொக். அவர் "போயிருச்சு" என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனார். திறந்திருந்தவற்றை விரல் கணுவால் தட்டினார். அவை திறந்தபடியே கிடந்தன. நாற்பத்தெட்டில் ஏழு மிஞ்சின. ஒரு செத்த சிப்பியை விரித்து உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கயாச்சும் வச்சிருந்தீங்களா மொதலாளி?"

"இல்ல அக்கா. வந்த கையோட அப்படியே கொண்டு வாரன்."

"சரிங்க" என்றார்.

அந்த நேரத்தில் துரை அடுப்படி வழியாகப் பின்வாசலுக்கு வந்தார். முன்பக்கத்துப் புல்வெளியில் விருந்தாளிகளின் சிரிப்புக் கேட்டது. தட்டில் ஐஸ் பரப்பித் தயாராக இருந்தது.

"ஏன் இன்னும் திறக்கல?"

"ஏழுதாங்க இருக்கு. மத்தது போயிருச்சு."

துரை குனிந்து ஒன்றை எடுத்து முகர்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, குளிரில் நாற்றம் இன்னும் பிடிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"முதலாளி, இது எப்படி வந்துச்சு? நல்லா இருந்துச்சா? எங்கயும் கெட்டுப் போச்சா?"

ஓடை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? துரை என்னை ஏசியிருப்பார். பங்களா ஓடர் வேறு கடைக்குப் போயிருக்கும். கடை வீதியில் நாலு பேர் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான். எனக்கு வேறு வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள், வேறு தோட்டங்கள் இருந்தன.

"பதுளையில இருந்து வரக்குள்ள நல்லாத்தான் இருந்திச்சு துரை" என்றேன்.

"கேட்டியா?" என்று துரை அவரைப் பார்த்தார். "மீன்காரரே நல்லது சொல்றாரு. எலுமிச்சம்புளி கூடப் போடு, மிளகு கூடப் போடு. எல்லாத்தையும் வை."

"தொரைக்கு வேணும்னா தொர தின்னுங்க. விருந்தாளிக்கு நான் வைக்க மாட்டேன்."

"நான் சொல்றேன், வை!"

அவர் அந்த ஏழு சிப்பியை மட்டும் திறந்து தட்டில் வைத்தார். மிச்சம் நாற்பத்தொன்றையும் பேசினில் அள்ளிக்கொண்டு, துரையைச் சுற்றி நடந்து, கொல்லைப் பக்கம் இருந்த குப்பைக் குழிக்குப் போனார். கொட்டினார். யாரும் திரும்ப எடுத்துவிடக் கூடாது என்று மேலே அடுப்புச் சாம்பலையும் கொட்டினார். துரையின் கழுத்து சிவந்துபோனதை நான் பார்த்தேன். பரிமாறுகிற பையன், தண்ணீர் தூக்குகிற ஆள், என் கூலியாள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரையால் பொறுக்க முடியாமல் போனது அதுதான்.

ஏழு சிப்பியும் கம்பெனித் துரைக்குப் போயின. லண்டனில்கூட இவ்வளவு நல்ல சிப்பி கிடைக்காது என்று அவர் சொன்னாராம். சமைத்தவர் யார் என்று கேட்டுக் கைதட்டினாராம். மற்றவர்கள் கட்லட் தின்றார்கள். ஒருவருக்கும் வயிற்றில் ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்ததும் கிளாக்கர் அக்காவைக் கூப்பிட்டுப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்தார். அது கைக்கு வந்தால் தோட்டத்தில் வேலையும் இல்லை, அறையும் இல்லை. சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்று காரணம் எழுதியிருந்ததாம். அவர் அதை வாங்கி, தட்டாமலே மடித்து வைத்துக்கொண்டாராம்.

மூன்று வாரம் கழித்து பங்களாவுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்தேன். துரை வராந்தாவில் நல்ல மனநிலையில் இருந்தார். கிறிஸ்மஸுக்கு ஆறு டசின் வேண்டும் என்றார். எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொழும்பிலிருந்து புதுக் கோக்கி வந்திருந்தார். தொப்பி போட்டவர், புடிங் மூன்று வகை செய்வார். சாமான் எடுக்க அவர் பதுளைக்கு வருவதில்லை, நான் கட்டி அனுப்பியதை அப்படியே எடுத்துக்கொண்டார். எந்தச் சிப்பியும் திரும்பி வரவில்லை. தை மாதத்தில் துரை ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். அதன் பிறகு சிப்பி ஓடர் நின்றது. சந்தோஷப்பட வேண்டிய இடமா இது என்று எனக்குத் தெரியவில்லை, கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

அக்கா பூனாகலையில் தங்கச்சி வீட்டுக்குப் போனார் என்று பஸ் டிரைவர் சொன்னார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு மறுபடி கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்துக்குப் போகிறார் என்றார். தங்கச்சிக்கு ஆறு பிள்ளைகள், ஒரே காம்பிரா. தங்கச்சி குடும்பம் இந்தியாவுக்குப் பெயர் கொடுத்தபோது இவரும் கொடுத்தார். வேறு என்ன செய்வார்? இதற்கிடையில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தது. துரை சீமைக்குக் கப்பலேறினார். பங்களாவின் பின்பக்க அறையில் உரமூட்டை அடுக்கினார்கள். பூனாகலை எட்டாத தூரம் அல்ல, பண்டாரவளையில் என் மாமியார் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். மாதம் ஒரு தடவை மாமியார் வீட்டுக்குப் போனேன். பூனாகலைக்கு ஒரு தடவையும் போகவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, இந்த வியாழக்கிழமை ரயிலில் போகிறார் என்று அதே டிரைவர்தான் கடைக்கு வந்து சொன்னார். நல்ல சீலா மீன் கருவாடு இரண்டு கிலோ எடுத்தேன். ஒவ்வொரு துண்டையும் பலகையில் தட்டிப் பார்த்து, சத்தம் பிடித்ததை மட்டும் வைத்துக் கட்டினேன்.

பண்டாரவளை ஸ்டேஷனில் பகலிலும் பனிமூட்டம். தலைமன்னார்க் கப்பலுக்குப் போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர் அழவில்லை. தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கை விரல்களில் கொழுந்துக் கறை. அதே குடை.

"வாங்க மொதலாளி. புள்ளைங்க சொகமா?"

"சொகம்தான் அக்கா." அதற்கு மேல் சுற்றி வளைக்க எனக்குத் தெம்பு இல்லை. "அக்கா, அண்டைக்கு அந்தச் சாக்க ஓடையில வச்சது நான்தான். ராவு முழுக்கத் தண்ணியில கிடந்திச்சு."

"தெரியுங்க."

"தெரியுமா? எப்படி?"

"ஒண்ணுக்குள்ள தவளைக் குஞ்சு நீந்திட்டிருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் அக்கா துரைகிட்டச் சொல்லல்ல? சொல்லியிருந்தா உங்கட வேலை போயிருக்காதே."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நான் கேட்டது அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை என்று தோன்றியது.

"என்கிட்டத் தொர கேட்டது, சிப்பி இருக்கா போயிருச்சான்னு. சொன்னேன். எப்படிக் கெட்டுச்சுன்னு என்னைக் கேக்கலீங்களே, மொதலாளி. அத உங்களத்தானே கேட்டாரு."

ரயில் வந்தது. தங்கச்சியின் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கினார்கள். படியில் கால் வைக்கும் முன் அவர் குடைக் காம்பால் வண்டியின் பக்கத்துப் பலகையைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். ஏறிக்கொண்டார். ஜன்னலில் ஒரு தடவை கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன்.

அவர் சொன்னதுதான் சரி. கேள்வி என்னிடம்தான் கேட்கப்பட்டது. அதற்கு உண்மையான பதில் சொல்ல எனக்கு ஐந்து வருஷம் பிடித்தது. அதையும் கேட்டவரிடம் சொல்லவில்லை. கேட்டவர் சீமையில் இருந்தார், தண்டனை அனுபவித்தவர் ரயிலில் போய்க்கொண்டிருந்தார். கருவாட்டுப் பொட்டலம் என் கக்கத்திலேயே இருந்தது. அதைக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று கடைசிப் பெட்டி மூட்டத்துக்குள் போன பிறகுதான் தெரிந்தது.